மேக்குக்குள் குடிவந்த விண்டோஸ்

அன்று காலை போடி ஏலக்காய்க் கூடத்தில் இருந்தவர்கள்: கலீபுல்லா, அவர் மனைவி மதீனா, காய் பொறுக்கும் பெண்கள் ஒன்பது பேர், மூட்டை எடுக்க வந்த தோட்டக்காரர் சிலமலை காசிமாயன். ஆகப் பன்னிரண்டு. பொறுக்கித் தீர்ந்த மூட்டைகள் முப்பத்தேழு. எட்டுத் தோட்டக்காரர்கள் வந்து எடுத்துப்போக வேண்டிய நாள்.

மூட்டைமேல் நம்பர் மட்டும்தான். எது யாருடையது என்பது கலீபுல்லாவின் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். 'இனி இங்கே நோட்டுக்கு வேலையில்லை' என்று சபதம் போட்டு, மதீனாவின் நோட்டைப் பரணில் ஏற்றியவர் அவர். அந்தக் கம்ப்யூட்டர் போன வாரம் புகைந்து அடங்கியது. விவரமெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. மகள் ஹுஸ்னா தன் மேக் லேப்டாப்பைக் கொடுத்தாள். ஆனால் புரோகிராம் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பகல் பாங்கு சொல்றதுக்குள்ள உங்க பொட்டி பேசலேன்னா, கூடத்துச் சாவி என் கைக்கு வந்துரணும் மச்சான்," என்றாள் மதீனா.

"பேசிருச்சுன்னா உன் நோட்டு அடுப்புக்கு."

மேக்குக்குள்ளேயே ஒரு விண்டோஸைக் குடிவைக்க ஆரம்பித்தார் கலீபுல்லா.

"வீட்டுக்குள்ள வீடா?"

"போர்ஷன் விடுறோம்ல, அது மாதிரி. பாதி இடம் அதுக்கு ஒதுக்கணும்."

"எங்கம்மா நாலு நாள் தங்க இடமில்லேன்னீங்க."

பதினொன்றே காலுக்கு விண்டோஸ் கண் திறந்தது. திறந்ததும், தன்னை அப்டேட் செய்துகொள்ள வேண்டும் என்றது. நான்கு சதவீதம்.

"குடிவந்த அன்னைக்கே வெள்ளையடிக்கச் சொல்லுதா?"

"செத்த பேசாம இரு!"

"மாப்ளே, வாசல்ல ஜீப்பு நிக்குது. வெரசா சொல்லுப்பா," என்றார் காசிமாயன்.

"இங்கிட்டு வாங்கண்ணே," என்றாள் மதீனா. மூட்டை வாயில் சணலோடு சேர்த்து ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது. "மஞ்சப் பூப்போட்டதெல்லாம் உங்களுது. ஆறு மூட்டை. தூக்குங்க."

கலீபுல்லா திகைத்தார். "இதை எப்ப கட்டுனே?"

"நோட்டு பரணுக்குப் போன அன்னைக்கிருந்தே, மூட்டை வரவர. எட்டுப் பேரு, எட்டுச் சேலை. எல்லாம் 'இன்னும் நல்லாத்தானே இருக்கு'ன்னு நீங்க சொன்ன சேலைக."

தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நிறம் பார்த்தார்கள். ஏற்றினார்கள். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எழுபத்தொரு சதவீதம். மதீனா கையை நீட்டினாள். திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சாவியைக் கொடுத்தார்.

"சோறு தின்ன வாங்க மச்சான்."

"ம்."

"பொம்பளைக எல்லாம் கெளம்பிட்டாக."

"ம்."

"அப்ப நான் பூட்டிட்டுப் போகவா?"

"ம்."

ஒன்றரைக்குப் புரோகிராம் திறந்தது. "பேசிருச்சு மதீனா! பன்னெண்டாம் நம்பர் காசிமாயன்!" என்று கத்தினார். பதில் இல்லை. எழுந்துபோய்க் கதவைத் தள்ளினார். அசையவில்லை.

திரையில் மூட்டை முப்பத்தேழு. கூடத்தில் மூட்டை ஒன்றுமில்லை. மிச்சம், ஆள் ஒன்று.