அலுமாரியை நகர்த்தியவன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் ஆறு மாதத்துக்கு வாயைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். இந்த ஞானம் எனக்கு ஐந்தாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மொத்தக் கந்தோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் தற்காலிக வேலை. ஆறு மாதம் ஒழுங்காக இருந்தால் நிரந்தரமாக்கிக் கடிதம் தருவார்கள். அம்மாவோ கடிதம் வருமுன்பே வெள்ளவத்தை முழுக்க நான் நிரந்தரமாகிவிட்டதாகச் சொல்லி முடித்திருந்தார் (மரக்கறிக் கடைக்காரர் கை குலுக்கி வாழ்த்தியேவிட்டார்). கடிதம் வராவிட்டால் நாங்கள் வீடு மாறவேண்டியதுதான்.

கந்தோருக்கு இரண்டு முதலாளிகள், அண்ணனும் தம்பியும். ஹோலின் நடுவே ஆறு இரும்பு அலுமாரிகள் வரிசையாக நின்றன. அந்தப் பக்கம் பெரியவர், இந்தப் பக்கம் சின்னவர். இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பெரியவருடைய மகளின் கல்யாணத்தில் சின்னவரை பாண்ட் வாசிக்கிறவர்களுக்குப் பக்கத்து மேசையில் இருத்திவிட்டார்களாம். ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. வரிசை முடிகிற இடத்தில் கணக்குப் பார்க்கும் றீட்டா அக்கா இருந்தார். கொண்டெய்னர் வந்துவிட்டதா என்று அங்கே கேட்கும்படி பெரியவர் அவரிடம் சொல்வார். ஆறடி தள்ளியிருக்கும் சின்னவருக்கு அது நன்றாகவே கேட்கும். என்றாலும் றீட்டா அக்கா திருப்பிச் சொல்லும்வரை பதில் வராது.

ஒருநாள் பெரியவர், கந்தோர் இருட்டாகக் கிடக்கிறது, ஒருமுறை திருத்தவேண்டும் என்று பொதுவாக அலுத்துக்கொண்டார். நான் உடனே எழும்பி, பிளானை நானே போடுகிறேன் என்றேன். என் தகுதி, யூடியூபில் பார்த்த பதினொரு வீடியோ. கொள்ளுப்பிட்டியில் நண்பன் வேலை செய்யும் கந்தோரையும் பார்த்திருந்தேன். அங்கே தடுப்பே இல்லை, எல்லோருக்கும் ஒரே நீள மேசை, மூலையில் ஒரு பூச்சாடி. மூன்று நாள் டேப்பும் கையுமாக அலைந்து அளந்தேன் (தேத்தண்ணிக் கேத்திலையும் அளந்தேன், ஏனென்று இன்றுவரை தெரியாது). அலுமாரிகள் பின்சுவருக்கு. நடுவே பன்னிரண்டு அடி மேசை. அதன் இரண்டு அந்தத்திலும் இரண்டு முதலாளிகள், நேருக்கு நேர்.

றீட்டா அக்காவிடம் காட்டினேன்.

"தம்பி, அந்த அலுமாரி அங்க சும்மா நிக்கல்ல" என்றார்.

வெளிச்சம் முக்கியம் என்று அவருக்கு விளக்கினேன். அவர் பிளானை மடித்துக் கையில் தந்துவிட்டு முகம் கழுவப் போனார்.

பெரியவர் பிளானை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இது தம்பிக்குத் தெரியுமா என்று கேட்டார். எனக்குக் கடிதமும் அம்மாவும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தார்கள்.

"அவருக்குத்தான் நல்ல விருப்பம், சேர். உங்களுக்கு முன்னால இருக்கவேணுமெண்டு சொன்னவர்."

(நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.) பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அந்தச் சூட்டோடு மற்றப் பக்கம் போய், அதே பொய்யை அண்ணன் பெயரில் சொன்னேன். சின்னவர் இரண்டு தரம், அண்ணனா சொன்னார் என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் கேட்கவே மாட்டார்கள் என்பதுதான் என் திட்டத்தின் அத்திவாரம். அவர்களைப் பேசவைக்கிற மாதிரித்தான் மேசையைப் போடுகிறேன் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

அலுமாரிகள் நகர்ந்து புது மேசையும் வந்த வெள்ளிக்கிழமை, பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். கேக் வெட்டினார்கள். முதலாளிகள் இரண்டு அந்தத்திலும் இருந்தார்கள். மற்றவர்தானே ஆசைப்பட்டார், அவரே முதலில் பேசட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் போனது. செய்தி கொண்டுபோக றீட்டா அக்காவும் பக்கத்தில் இல்லை. அவரை நான் பூச்சாடி மூலைக்கு அனுப்பியிருந்தேன்.

கடைசியில் பெரியவர்தான் வாயைத் திறந்தார்.

"சரி, நீதானே இப்பிடி இருக்கணும்னு கேட்ட. சொல்லு."

"நான் எங்க கேட்டது? நீங்க ஆசப்பட்டதாத்தானே பொடியன் சொன்னான்."

இரண்டு தலைகளும் மெதுவாக என் பக்கம் திரும்பின. ஒளிந்துகொள்ள நடுவே ஓர் அலுமாரிகூட இல்லை.

பிறகு விழுந்த ஏச்சை முழுக்க எழுத முடியாது. அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்தார். தம்பிக்குச் சொல் வராத இடத்தில் அண்ணன் எடுத்துக் கொடுத்தார். பாதர் கேக்கைக் கையில் எடுத்துக்கொண்டே புறப்பட்டார். அரை மணித்தியாலத்தில் என்னை மறந்து, ஒன்பது வருடத்துக்கு முந்தைய கல்யாண மேசைக்குப் போய்விட்டார்கள், பின்னேரம்வரை அதே சண்டை. எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரம் அடக்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது. றீட்டா அக்கா ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல், ஆறுதலாகத் தேத்தண்ணி குடித்தார்.

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நிரந்தரமாக்கி அல்ல, தற்காலிகத்தை இன்னும் ஆறு மாதம் நீடித்து. அண்ணனும் தம்பியும் நேரில் பேசி எடுத்த முதல் முடிவு அதுதான். அம்மா அசரவில்லை. மகனுக்கு நீடிப்புக் கிடைத்திருக்கிறது என்று, ஏதோ பதவி உயர்வு போல, வெள்ளவத்தைக்கு அறிவித்தார்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி அம்மாவும் எங்களோடுதான். ஏதாவது காரியத்துக்கு, "அம்மாவுக்கும் நல்ல விருப்பமாம்" என்று நான் தொடங்கினால் போதும். மனைவி உடனே அம்மாவைக் கூப்பிட்டு, எனக்கு நேர் முன்னால் கதிரை போட்டு இருத்திவிட்டு, "இப்ப சொல்லுங்கோ" என்பாள்.