நூத்திருபது கேள்வியும் புஷ்பாவும்

அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு கேள்விப் பாரத்தை நிரப்பி, மறுநாள் ஆபீஸ்ல கொடுக்கணும்.

எண்பதுகள்ல, சுங்கை வேயில மின்சாரக் காத்தாடி செய்யற ஒரு பேக்டரியில நான் ஸ்டோர் கணக்கு எழுதற கிராணி. ஆறு வருஷமா அதே நாற்காலி. சூப்பர்வைசர் வேலை காலியாச்சுன்னதும் அது எனக்குத்தான்னு நினைச்சு, புதுச் சட்டைகூட தைக்கக் கொடுத்துட்டேன்.

ஆனா அந்த வருஷம் மேனேஜர் மிஸ்டர் லிம்முக்கு ஒரு புது ஆசை. கோலாலம்பூர்லேர்ந்து ஒரு மனோதத்துவ நிபுணரைக் கூட்டிட்டு வந்தாரு. அவர் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தாரு. உள்ளே நூத்திருபது கேள்வி. பதிலைப் பாத்தா நம்ம குணம் தெரிஞ்சிடுமாம். அதை வெச்சுத்தான் சூப்பர்வைசரை எடுப்பாங்களாம்.

"வீட்டுக்குக் கொண்டு போங்க. நிதானமா, உண்மையா எழுதுங்க. இதுல சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது"ன்னாரு.

சரி, தப்பு இல்லேன்னா எதுக்குய்யா பரீட்சை? கேக்கலாம்னு நினைச்சேன். கேக்கல. அதுதான் என் குணம். அதைக் கண்டுபிடிக்க நூத்திருபது கேள்வியே தேவையில்ல.

எங்க வீட்டுல எந்தப் பாரமா இருந்தாலும் நிரப்பறது என் மனைவி புஷ்பாதான். கிள்ளான் பஸ் ஸ்டாண்டுல அவ டைம் கீப்பர். அவ கையை ஆட்டினாத்தான் பஸ் கிளம்பும். அவளைக் கண்டா டிரைவருங்க சிகரெட்டை மறைப்பாங்க. நானும்தான்.

புத்தகத்தைத் திறந்து அவ படிச்சா. "கூட்டத்துல யாரும் வாயைத் திறக்கலேன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"யாராச்சும் பேசுவாங்க லா. பொறுத்துப் பாப்பேன்."

"பக்கத்து வீட்டுக்காரன் உங்க கேட்டை மறைச்சு காரை நிறுத்திட்டா?"

"அவன் எடுக்கற வரைக்கும் பஸ்ல போவேன்."

பேனாவைக் கீழே வெச்சா. "இப்படி எழுதினா உங்களை அந்தக் காத்தாடிக்குக்கூட சூப்பர்வைசரா போட மாட்டாங்க. பாசாருக்குப் போய் மீன் வாங்கிட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்."

மீனோட திரும்பி வந்தப்போ நூத்திருபதும் முடிஞ்சிருந்துச்சு. படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டேன். மீன் நல்லா இல்லேன்னு அவ திட்டிக்கிட்டிருந்ததால படிக்க நேரமில்ல.

அடுத்த வாரம் நிபுணர் என்னைக் கூப்பிட்டாரு. பக்கத்துல மிஸ்டர் லிம். நிபுணர் காகிதத்தைப் பாத்தாரு, பாத்துக்கிட்டே இருந்தாரு.

"மிஸ்டர் மணியம்! இப்படி ஒரு தலைமைக் குணம் நான் பாத்ததே இல்ல. நாப்பத்தஞ்சாவது கேள்வி. தப்பு செஞ்சவன் மன்னிப்புக் கேக்கற வரைக்கும் விட மாட்டீங்க. அப்படித்தானே?"

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவ என்னைப் பத்தி எழுதல. அவளைப் பத்தி எழுதியிருக்கா!

வார்த்தையே வரல.

"பாருங்க, யோசிச்சுத்தான் பேசறாரு"ன்னு நிபுணர் லிம்கிட்ட சொன்னாரு.

எனக்கு நெத்தியெல்லாம் வேர்த்துச்சு.

"உள்ளுக்குள்ள எவ்வளவு வேகம்!"

"சார், நான் ரொம்ப பயந்த ஆளு சார்"னு உண்மையைச் சொல்லியே பாத்தேன்.

"தன்னடக்கம்!"னு எழுதிக்கிட்டாரு.

எதிர்ல முழு மனுஷன் உக்காந்திருக்கேன், அவர் கண்ணு காகிதத்தை விட்டு எழும்பவே இல்ல. எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஆனா வேலையைக் கொடுத்துட்டாங்க. அதனால பொறுத்துக்கிட்டேன்.

சூப்பர்வைசர் ஆன முதல் நாளே வம்பு. ஆ செங்னு ஒரு லோரி டிரைவர். தப்பான பெட்டிங்களை இறக்கிட்டு, திருப்பி ஏத்த மாட்டேன்னு நின்னான்.

"இறக்கினா இறக்கினதுதான் லா, பாஸ்!"

ஆளு கதவு உசரம். வாயில சிகரெட்டு. மேல மாடி ஜன்னல்ல மிஸ்டர் லிம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாரு. காகிதத்துல பாத்த அந்த வீரன் எப்போ வெளியே வருவான்னு காத்துக்கிட்டிருக்காரு. இன்னிக்கு மாட்டினோம், புதுச் சட்டையோட வீட்டுக்குப் போக வேண்டியதுதான்னு நினைச்சேன்.

ஸ்டோர் போனை எடுத்து கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்கு அடிச்சேன்.

"புஷ்பா, இங்க ஒரு லோரிக்காரன் பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டேங்கறான்..."

"போனை அவன்கிட்ட கொடுங்க."

கொடுத்தேன். அவ மலாய்ல பேசினது, ரெண்டடி தள்ளி நின்ன எனக்கே கேட்டுச்சு. ஆ செங் முதல்ல சிகரெட்டை அணைச்சான். அப்புறம் நேரா நின்னான். "யா, காக்... யா, காக்..."ன்னு அக்கா போட்டு மரியாதையா தலையை ஆட்டினான். போனை ரெண்டு கையால திருப்பிக் கொடுத்தான்.

பத்தே நிமிஷம். பெட்டியெல்லாம் லோரியில ஏறிடுச்சு. போறப்போ என்கிட்ட மன்னிப்பும் கேட்டான். நாப்பத்தஞ்சாவது கேள்வி!

மிஸ்டர் லிம் படியில தடதடன்னு இறங்கி வந்து என் கையைக் குலுக்கினாரு.

"நீங்க ஒரு சத்தம்கூட போடலையே மணியம்! யாருக்குப் போன் பண்ணீங்க?"

"மேலிடத்துக்கு, சார்."

"நான் சொல்லல? அந்த டெஸ்ட் பொய்யே சொல்லாது. சரியான ஆளைத்தான் எடுத்திருக்கோம்!"

ஆள் சரிதான். என்ன, வேலைக்கு வந்துக்கிட்டிருந்தது மட்டும் நான்.