பதினாறாம் நிமிஷத்தில் அணைந்த இன்ஜின்

திகாம் பத்து,
புதன்கிழமை.

அலோர் ஸ்டாரில் இருக்கும் அன்புத் தம்பி குழந்தைவேலுவுக்கு, உன் அக்கா பிச்சையம்மாள் எழுதிக்கொள்வது. இங்கே என் முட்டியைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். உன் சர்க்கரை அளவைக் கேட்டால் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய், அதனால் கேட்கவில்லை. முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: நான், என் மகன் ரவிச்சந்திரன், அவன் மகள் காஞ்சனா, பக்கத்து வீட்டு அய்யாவு அண்ணன், பிற்பாடு வந்து சேர்ந்த உன் மனைவி பிரேமாவதி. ஐந்து பேர். பெயரை முதலிலேயே எழுதிவிட்டால் நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை என்று சொல்ல முடியாது. உன் வீட்டில் உனக்கு வேறு கதை சொல்லியிருப்பார்கள். நான் மூணாவது வரைக்கும்தான் படிச்சவ, ஆனா நடந்தது எதையும் மறந்தவ இல்லை.

காஞ்சனா சுங்கை பட்டாணி பட்டறையில நாலு வருஷம் வேலை கத்துக்கிட்டு, ஒரு பழைய டட்சன் காடிய வாங்கி, ஆறு மாசமா இன்ஜினைப் பிரிச்சு மாட்டி, ரேஸ் காடிக்குப் போடுற மாதிரி புது கேம்ஷாஃப்ட் போட்டிருக்கா. அவளுக்கு இங்கேயே சொந்தப் பட்டறை வைக்கணும், கடை கொடுக்கிறவரு அப்பன் கையெழுத்து இல்லாம ஆகாதுங்கிறாரு. ரவிச்சந்திரன் என்ன சொன்னான் தெரியுமா, இந்த இன்ஜின் உருப்படியா ஓடினா கையெழுத்து, இல்லைன்னா மறுநாளே குளோவ் ஃபேக்டரி வேலைக்குப் போயிடணுமாம். அந்தக் கேம்ஷாஃப்ட்டு முட்டை முட்டையாப் புடைச்ச ஒரு தண்டு. அது சுத்தினாத்தான் வால்வு திறக்கும், மூடும். புதுசா போட்டா முதல் இருபது நிமிஷம்தான் அதுக்கு உயிர். ஸ்டார்ட் ஆன உடனே வேகமாச் சுத்தணும், சுத்தைக் காட்டுற மீட்டர் ஊசி ரெண்டாயிரத்துக்குக் கீழ வரவே கூடாது. மெதுவா ஓடினா எண்ணெய் தெறிச்சு மேல படாதாம், புடைப்பெல்லாம் தேஞ்சு ஆறு மாச வேலையும் குப்பைக்குப் போயிடுமாம். ஏதாவது கோளாறுன்னா ஒரேடியா அணைக்கலாம், மெதுவா மட்டும் ஓட விடக் கூடாது.

அப்போ உள்ள உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிக்கிறது யாருன்னு கேள்வி வந்துச்சு. ரவிச்சந்திரன் கையக் கட்டிக்கிட்டு நீதிபதி மாதிரி நின்னான். அய்யாவு அண்ணன் முப்பது வருஷம் எஸ்டேட்டுல செம்பனை லோரி ஓட்டினவரு, காலையில லோரிய முடுக்கி மெதுவா உறும விட்டுட்டுக் கோப்பி குடிக்கப் போறதுதான் அவர் பழக்கம், அவர் காலை நம்ப முடியாது. நான் நாப்பது வருஷம் தையல் மிஷின் மிதிச்சவ. நானே ஏறி உக்காந்தேன். பாட்டி, ஊசிய மட்டும் பாருங்க, வேற எதையும் பாக்காதீங்கன்னு காஞ்சனா சொன்னா. நாலு பத்துக்கு முதல் திருப்புலயே பிடிச்சுக்கிச்சு. அந்தச் சத்தத்துல எதிர்வீட்டுக் கோழியெல்லாம் கூரைக்கு ஏறிடுச்சு தம்பி. என் கால் அசையல. கொஞ்சம் குறைங்க, இன்ஜின் பாவம்னு அய்யாவு அண்ணன் ஜன்னல்ல வந்து கையக் காட்டுறாரு. உங்க கோப்பி ஆறுது, போங்கன்னு நானும் கையக் காட்டினேன்.

பூசைக்கு எலுமிச்சம்பழமும் சூடமும் மூணரைக்குக் கொண்டு வர்றேன்னு சொன்ன உன் மனைவி நாலு இருபதுக்குத்தான் வந்து இறங்கினா. நாலரைக்கு ராகு காலம். காடிய நிறுத்தாம சக்கரத்துல எலுமிச்சம்பழம் வைக்க முடியாது, ஓடுற இன்ஜினுக்கு யாரும் சூடம் காட்டினதும் இல்ல. தட்ட வச்சுக்கிட்டு ரவிச்சந்திரன்கிட்ட போய் ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுன்னு கேட்டிருக்கா. எங்கிட்ட நேரா கேக்க வாய் வரல. காஞ்சனா ரேடியேட்டருக்குத் தண்ணி எடுக்கக் குழாயடிக்குப் போன நேரம் பாத்து, நாலு இருபத்தாறுக்கு, ஜன்னல் வழியாக் கைய விட்டுச் சாவியத் திருப்பிட்டா. இன்ஜின் அணைஞ்ச பிறகும் நான் மிதிச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டாயிரத்து மூணுல இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சினப்போ, பொங்க ஒரு நொடி இருக்கையில, வழிஞ்சா அடுப்பு பாழாகும்னு கேஸை அணைச்சது யாரு? அதே கை.

"உன் ராகு காலத்துக்கு என் பேத்தி பொழப்ப அணைச்சிட்டியேடி."

அவ தட்ட இன்ஜின் மூடி மேல வச்சிட்டு, தண்ணிகூடக் குடிக்காம வாடகைக் காடி பிடிச்சுப் போயிட்டா. நான் உள்ள போய்க் கதவச் சாத்திட்டேன். வெளிய காஞ்சனா ரொம்ப நேரம் என்னமோ தட்டினா, அப்புறம் மீதி நாலு நிமிஷத்த ராகு காலத்துக்குள்ளேயே அவளே மிதிச்சு முடிச்சா. சுவர்க் கடிகாரத்தப் பாத்து எண்ணிக்கிட்டே இருந்தேன். அதுக்குப் பிறகு ரெண்டு தடவை என்னமோ சொல்ல வந்தா, அவ பேர எடுக்காதேன்னு அனுப்பிட்டேன்.

நாளைக்கு எண்ணெய வடிச்சு, ஃபில்டரை வெட்டிப் பாப்பாங்க. உள்ள இரும்புத் தூள் மின்னினா கேம்ஷாஃப்ட் போச்சுன்னு அர்த்தம். போனா அது உன் வீட்டுக் கணக்கு. உன் மனைவி பழத்தட்டோட வந்து காஞ்சனாகிட்ட மன்னிப்புக் கேக்கணும். பட்டறை திறந்தா அவளுக்கு அழைப்புக் கிடையாது.

உனக்கும் பிள்ளைகளுக்கும் என் மனசார ஆசீர்வாதம். வீட்டில் மற்றவர்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
உன் அக்கா
பிச்சையம்மாள்

பி.கு. (வியாழன்): ஃபில்டர்ல ஒரு தூள் இல்ல. ரவிச்சந்திரன் கையெழுத்துப் போட்டுட்டான். தபால் தலை ஒட்ட வந்த காஞ்சனா இந்தக் கடுதாசியப் படிச்சிட்டு, என்னை உக்கார வச்சுச் சொல்றா: அன்னிக்கு எண்ணெய்க் குழாய் ஒண்ணு கழண்டு, காடிக்கு அடியில எண்ணெய் ஆறா ஓடிச்சாம். ஊசிக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு எரிஞ்சுச்சாம். உன் வீட்டுப் பழைய காடி இன்ஜின் அப்படித்தான் எண்ணெய் இல்லாம இறுகிப் போச்சாமே, அதனால அதப் பாத்த உடனே உன் மனைவி சாவியத் திருப்பினாளாம், காஞ்சனா போன்ல கேட்டிருக்கா. இன்னும் அரை நிமிஷம் நான் மிதிச்சிருந்தா இன்ஜினே இல்லையாம். பட்டறை திறப்புக்குச் சூடம் காட்டுறது அவ கையாலதான்னு காஞ்சனா முடிவு பண்ணிட்டா, கூட்டிக்கிட்டு வந்திடு. மேல எழுதினதெல்லாம் விட்டுடு. பால் விஷயத்தக்கூட யோசிக்கிறேன். ஆனா ஒண்ணு தம்பி, அணைச்சதுக்கு மன்னிச்சாச்சு. நாலு பேர் பாக்க, நான் மிதிக்கையில, அவ செஞ்சது சரியாப் போச்சு பாரு, அதுக்கு மட்டும் என் உயிர் உள்ளவரைக்கும் மன்னிக்க மாட்டேன், பிரேமாவதிய.