டூபாக்காரி ஹுவானாவின் குடியிருப்பு அட்டை

"இது உங்க கையெழுத்துதானா மேடம்?" என்று குடியேற்ற அலுவலகக் கண்ணாடிக்கு அந்தப்பக்கமிருந்து குமாஸ்தா பாபியோலா கேட்டபோது, ஹன்னக்கேவுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

"என்னோடதுதான்."

"பாஸ்போர்ட்ல இருக்கறது வேற மாதிரி இருக்கே. அதுல ஒரு சுழி, கீழ ஒரு கோடு. இதுல முழுப்பேரையும் மணிமணியா எழுதியிருக்கீங்க."

"பாஸ்போர்ட்ல போட்டப்ப அவசரத்துல இருந்தேன்."

"அப்ப இதையும் அவசரமா போட்டுக் கொண்டாங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்வளவுதான். அடுத்தவங்க வாங்க."

கையெழுத்து சின்ன விஷயம்தான். ஆனால் ஹன்னக்கே வெர்மாஸுக்கு அன்று எதுவுமே சின்னதாகத் தெரியவில்லை. வருகிற பத்தொன்பதாம் தேதியோடு அவளுடைய மெக்சிகோ குடியிருப்பு அட்டை காலாவதியாகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் ஹாலந்துக்குப் போய், தூதரக வாசலில் முதலிலிருந்து வரிசை பிடிக்க வேண்டும். இருபத்திரண்டாம் தேதியோ புனித செசீலியா திருநாள். மலையடிவாரத்து ஒன்பது ஊர்களின் பேண்டு வாத்தியக் குழுக்கள் ஊர்வலம் வரும். இந்த வருஷம் முதல்முறையாக அந்த ஊர்வலத்துக்கு முன்னால் போகப்போவது பெண்கள் குழு. அந்தக் குழுவில் டூபா ஊதத் தெரிந்த ஒரே ஆள் ஹன்னக்கே.

டூபா என்றால் லேசுப்பட்ட வாத்தியம் இல்லை. உடம்பைச் சுற்றிக்கொண்டு தலைக்கு மேலே ஓர் அண்டாவைக் கவிழ்த்த மாதிரி நிற்கும். ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்கு முன் வாடகை வீடு தேடி வந்த இந்த ஆறடி உயரக்காரியைப் பார்த்ததும், குழுத் தலைவி ஒத்தீலியா வீட்டைக் காட்டுவதற்கு முன்பே டூபாவைத்தான் காட்டினாள். அன்றிலிருந்து ஹன்னக்கே காலையில் ஒரு டச்சுக் கம்பெனிக்காக விதைப் பட்டியல்களை மொழிபெயர்ப்பாள், சாயங்காலம் டூபா ஊதுவாள். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் என்றும் இருந்ததில்லை.

ஜன்னலை விட்டு நகர்ந்து திரும்பியவளை ஒரு குரல் நிறுத்தியது.

"என்னம்மா, திருப்பி அனுப்பிட்டாங்களா?"

'தகவல்' என்று எழுதிய பலகைக்குக் கீழே இருந்த பெஞ்சில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் அமர்ந்திருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை. மடியில் தோல் பை. வாசல் காவலாளி மெல்கோர், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். அவர் வார்த்தைகளின் வாலை விழுங்கி விழுங்கிப் பேசினார். பெரிய அதிகாரிகள் அப்படித்தான் பேசுவார்கள்போல என்று ஹன்னக்கே நினைத்துக்கொண்டாள்.

"கையெழுத்து பொருந்தலையாம் ஐயா."

"அவங்க சொன்னதை அப்படியே சொல்லுங்க. ஒரு வார்த்தை விடாம."

சொன்னாள். அவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். தன் புகாரை இவ்வளவு அக்கறையாக எழுதிக்கொள்ளும் அதிகாரியை அவள் எந்த நாட்டிலும் கண்டதில்லை.

"என் பேரு லிசாந்த்ரோ. கையெழுத்தைச் சரிபண்ணிடலாம். ஆனா உங்க விண்ணப்பக் கடிதத்தைக் காட்டுங்க பாப்போம்." வாங்கிப் படித்தார். "மூணு வரிதானா? 'தொடர்ந்து வசிக்க விரும்புகிறேன்'. இப்படி வெறும் தண்ணியா எழுதுனா யாருக்கு மனசு இளகும்? விரிவா எழுதிப் பாருங்களேன். என்ன சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்."

ஹன்னக்கேவுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் மலையேறி வீடு வந்ததும் எழுத உட்கார்ந்தாள். கையெழுத்தை நாற்பது தடவை அவசரமாகப் போட்டுப் பழகினாள். கடிதம் நான்கு பக்கம் வந்தது. மலைக்காற்று, டூபா, ஒத்தீலியா, திருவிழா எல்லாமே அதில் இருந்தன. கடைசிப் பக்கத்தில், "இந்த ஊர் என்னை வெறுங்கையோடு அனுப்புவதே இல்லை. ஒவ்வொரு திருவிழா முடிந்ததும் என் உழைப்புக்கு ஒரு வான்கோழி தருகிறார்கள்" என்று எழுதியபோது அவளுக்கே கண் கலங்கியது.

மறுநாள் பாபியோலா கையெழுத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு கடிதத்தை எடுத்தாள். நான்காம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"உழைப்புக்கு வான்கோழியா?"

"ஆமாம். ரொம்பப் பாசமானவங்க."

"உயிரோடவா, சமைச்சா?"

"உயிரோடதான்."

பாபியோலா பெருமூச்சு விட்டாள். "சமைச்சுக் குடுத்திருந்தா விருந்துன்னு விட்டுடலாம் மேடம். உயிரோட குடுத்தா அது சம்பளம். உங்க அட்டையில வேலை பாக்க அனுமதி இல்ல. இதை நான் படிச்சிருக்கவே கூடாது. படிச்சிட்டேன். இப்ப என்ன பண்றது?"

பெஞ்சில் லிசாந்த்ரோ காத்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, "உயிரோட இருந்தா சம்பளம்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும் ஐயா? இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

"பதறாதீங்கம்மா. வான்கோழி அன்பளிப்புதான், கூலி இல்லன்னு உங்க ஊர் நகராட்சியில ஒரு சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. முத்திரையோட. அது செல்லுதா இல்லையான்னு பாத்துடுவோம்."

நகராட்சிச் செயலாளருக்கு வான்கோழிச் சான்றிதழ் எழுதி அனுபவம் இல்லை. ஆனால் ஒத்தீலியா மேஜைக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றபோது அனுபவம் தானாக வந்துவிட்டது.

"எழுதுய்யா. பாசத்துல குடுத்தோம்னு எழுது. கூலி குடுக்கற மூஞ்சியாய்யா எங்களுக்கு?"

பொன்னிற ஓரம் வைத்த தாளில், மூன்று முத்திரைகளோடு சான்றிதழ் தயாராயிற்று. புதன்கிழமை காலை ஹன்னக்கே அதைக் கசங்காமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். பாபியோலா படித்தாள். மறுபடி படித்தாள்.

"வான்கோழி விஷயம் புரியுது. ஹுவானாங்கறது யாரு?"

"எந்த ஹுவானா?"

"'மேற்படி வான்கோழிகள் ஹுவானா வெர்மாஸ் என்பவருக்கு அன்பின் அடையாளமாக அளிக்கப்பட்டன'ன்னு போட்டிருக்கு. உங்க பேரு ஹன்னக்கே ஆச்சே."

ஹன்னக்கேவுக்குக் காது சூடாயிற்று. அவள் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. வந்த முதல் வாரமே ஹுவானா ஆக்கிவிட்டார்கள். அஞ்சல்காரர் முதல் பாதிரியார் வரை அவள் ஹுவானாதான்.

"நான்தான் மேடம் ஹுவானா."

"இப்ப நீங்க ரெண்டு பேரு ஆயிட்டீங்க. முந்தாநேத்து கையெழுத்துதான் ரெண்டா இருந்துச்சு."

பெஞ்சுக்கு வரும்போது அவளுக்கு அழுகை முட்டியது. லிசாந்த்ரோ தன் கைக்குட்டையை நீட்டினார்.

"சாட்சி கூட்டிட்டு வாங்கம்மா. ரெண்டும் ஒரே ஆளுதான்னு சொல்ற மாதிரி."

"எத்தனை பேரு?"

அவர் யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு ரெண்டு. கூட வந்தா தப்பில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஹன்னக்கே ஒத்தீலியாவிடம் அப்படியே ஒப்பித்தாள். அதுதான் வினையாயிற்று.

வியாழக்கிழமை, பதினெட்டாம் தேதி. காலை பத்து மணிக்குக் குடியேற்ற அலுவலக வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து இருபத்தொரு பெண்கள் பூவேலை செய்த சட்டையும் பின்னிய ஜடையுமாக இறங்கினார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு வாத்தியம். கடைசியாக ஹன்னக்கேவின் டூபாவும் இறங்கியது.

"வாத்தியம் எதுக்கு அக்கா?" என்று ஹன்னக்கே பதறினாள்.

"இன்னைக்கு ஒத்திகை இருக்குல்லடி. உனக்காகச் சாட்சி சொல்லிட்டு, அப்படியே மைதானத்துக்குப் போயிடலாம். ரெண்டு தடவை லாரி பிடிக்க முடியுமா?"

மெல்கோர் வாசலை மறித்தான். "உள்ள இதெல்லாம் கூடாதும்மா."

"எங்க போட்டிருக்கு?"

அவன் சுவரிலிருந்த பலகையைப் பார்த்தான். சிகரெட், நாய், கேமரா, ஆயுதம் நான்கும் கூடாது. டூபாவைப் பற்றி எதுவும் இல்லை. அவன் இன்னொரு தடவை படித்துப் பார்ப்பதற்குள் தவில் அளவு பெரிய தாளவாத்தியம் அவனைத் தாண்டிப் போய்விட்டது.

கூடம் நிரம்பிவிட்டது. வரிசையில் நின்றிருந்தவர்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். பாபியோலா எழுந்தே விட்டாள்.

"இதெல்லாம் யாரு?"

"சாட்சி" என்றாள் ஹன்னக்கே. குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"சரி. நீங்களே சொல்லுங்கம்மா. இவங்க பேரு என்ன?"

"ஹுவானா" என்றன இருபத்தொரு குரல்கள்.

"பாஸ்போர்ட்ல இருக்கற பேரு?"

கிளாரினெட்காரி ஜால்ராக்காரியைப் பார்த்தாள். ஜால்ராக்காரி கூரையைப் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தோளோடு தோள் நின்று ஊதியவளின் சொந்தப் பெயர் ஒருத்திக்கும் தெரியவில்லை.

"பேரே தெரியாத சாட்சியை வச்சு நான் என்ன எழுதறது மேடம்?" பாபியோலாவின் குரலில் இப்போது எரிச்சலைவிடப் பரிதாபம்தான் அதிகம் இருந்தது. "நாளைக்குத்தான் உங்களுக்குக் கடைசி நாள்."

ஊர்வலம் முன்னால் போகிறது, டூபா இல்லாமல் போகிறது, தான் ஆம்ஸ்டர்டாம் மழையில் குடையோடு நிற்கிறாள் என்று ஒரு காட்சி ஹன்னக்கேவின் கண் முன்னால் ஓடியது.

ஒத்தீலியா ஜன்னலுக்கு முன்னால் வந்தாள். "இந்தா பாரும்மா. பேரு எங்களுக்குத் தெரியாது. எங்க வாயில நுழையல, அது எங்க தப்பு. ஆனா இவ மூச்சு எங்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிட்டு நூறு பேரை ஊதவிடு, இவளோடது எதுன்னு நான் சொல்றேன்." திரும்பினாள். "தூக்குடி டூபாவை."

"அக்கா, இங்கயா?"

"தூக்குன்னேன்."

ஹன்னக்கே தூக்கினாள். ஒத்தீலியாவின் கை மேலே போயிற்று, கீழே இறங்கியது. செசீலியா திருநாளுக்காக நான்கு மாதம் பழகிய வால்ட்ஸ் இசை அந்தக் கூடத்தின் கண்ணாடிகளையெல்லாம் அதிரவைத்துக்கொண்டு எழுந்தது. முதலில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்கின. பிறகு ஒவ்வொன்றாக விலகிக்கொள்ள, டூபா மட்டும் தனியாக நின்றது. யானை ஒன்று தாலாட்டுப் பாடினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்து ஜன்னல்களின் குமாஸ்தாக்களெல்லாம் எழுந்து வந்து கூட்டத்தோடு நின்றுவிட்டார்கள். கடைசி ஜன்னலில் மட்டும் ஒரு முத்திரை, தாளத்துக்கு ஒத்தாற்போல, டொக் டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது.

உள்ளறையிலிருந்து தலைமை அதிகாரி வெளியே வந்திருந்தார். வால்ட்ஸ் முடியும்வரை நின்று கேட்டார். முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "என்ன பிரச்சினை?" என்றார்.

பாபியோலா சொன்னாள். அவர் காகிதக் கட்டைப் புரட்டினார்.

"பாஸ்போர்ட் இருக்கு. பழைய அட்டை இருக்கு. ரசீது இருக்கு. கையெழுத்து பொருந்துது. அப்புறம் இந்த நாலு பக்கக் கடிதத்தை யாரு கேட்டா? சான்றிதழை யாரு கேட்டா? சாட்சியை யாரு கேட்டா?"

"நான் கேக்கல சார்" என்றாள் பாபியோலா. "அவங்களே ஒவ்வொண்ணா கொண்டுவந்தாங்க. கையில குடுத்தா நான் படிச்சுத்தானே ஆகணும்?"

"வான்கோழியை என்னம்மா பண்ணினீங்க?" என்றார் அவர், ஹன்னக்கேவிடம்.

"கொல்ல மனசு வரல சார். ஏழும் கொல்லையில மேயுது. எல்லாத்துக்கும் பேரு வச்சிருக்கேன்."

"அதுங்களுக்கு நாங்கதான் தீனி போடறோம்" என்றாள் ஒத்தீலியா. "இவளுக்கு எங்க நேரம்?"

"தின்னவும் இல்ல, விக்கவும் இல்ல, தீனியும் ஊர்க்காரங்க செலவு. இது எப்படிம்மா சம்பளமாகும்?" அவர் நான்கு பக்கக் கடிதத்தையும் பொன்னிறச் சான்றிதழையும் உருவி எடுத்து ஹன்னக்கேவின் கையில் கொடுத்தார். "இதை வீட்ல மாட்டி வச்சுக்கங்க. பாபியோலா, கைரேகை எடுத்துக்கம்மா."

மதியம் இரண்டு மணிக்குப் புது அட்டை கைக்கு வந்தது. படத்தில் கன்னம் இன்னும் ஊதினபடியே இருந்தது. வாசல் படிகளில் இருபத்தொரு பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டார்கள். அட்டையில் இருந்த பெயரைக் கை மாற்றிக் கை மாற்றி எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "ஹுவானாவே நல்லாருக்கு" என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

லாரியில் ஏறக் கால் வைத்தவள் நின்றாள். "ஒரு நிமிஷம் அக்கா. ஒருத்தருக்கு நன்றி சொல்லாம வந்துட்டேன்."

எதிர்க்கடையில் சூடாக ஒரு பொட்டலம் முட்டை ரொட்டி வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். தகவல் பலகையின் கீழே பெஞ்சு காலியாக இருந்தது.

"அந்த ஆபீசர் எங்கப்பா?" என்று மெல்கோரிடம் கேட்டாள். "லிசாந்த்ரோ ஐயா. சாப்பிடப் போயிருக்காரா?"

"ஆபீசரா?" மெல்கோர் சிரித்துவிட்டான். "அவரு சிலி நாட்டுக்காரரும்மா, அட்டை புதுப்பிக்க வந்து மூணு வாரமா இங்கயே உக்காந்து எதுக்கெல்லாம் திருப்பி அனுப்பறாங்கன்னு பாத்துக்கிட்டிருந்தாரு, நீங்க வாசிச்சப்ப கடைசி ஜன்னல்ல கூட்டமே இல்ல, ரெண்டு வரிக் கடிதத்தோட போயி ஒரே நடையில முடிச்சிட்டுக் கெளம்பிட்டாரு."