காலியாகாத பாக்கெட்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள பாக்கெட்டுன்னு ஒண்ணு நுழையக் கூடாது!"

கத்தரிக்கோலை ஓங்கிக்கொண்டு சபதம் போட்டார் எங்கள் வீட்டுக்காரர். அவர் தையல்காரர். முன்னறையில்தான் மெஷின். பிரஷர் ஏறியிருக்கிறது, கடை உப்பு பிஸ்கட்டை விடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னது அவருக்கு. சபதம் எனக்கு.

"மாவு இருக்கு, வெண்ணெய் இருக்கு, சீரகம் இருக்கு. நீயே சுடு. உப்பு பாதி போடு, போதும்."

சுட்டேன். டேப்பை எடுத்து அளந்தார்.

"இது ரெண்டு இஞ்ச். இது ரெண்டே கால். இது என்னடி, சட்டைக் காலரா?"

"வாயில போட்டா எல்லாம் ஒரே அளவுதாங்க."

"கடைக்காரன் அச்சடிச்ச மாதிரி போடறான். ருசியே அதுலதான் இருக்கு."

தட்டை நகர்த்திவிட்டு, துறவி மாதிரி வெறும் டீ குடித்தார்.

மூன்றாம் நாள் பெருக்கும்போது துண்டுத்துணி மூட்டையை நகர்த்தினேன். உள்ளே கடை பிஸ்கட் பாக்கெட், ரப்பர் பேண்டு போட்டுப் பத்திரமாக! கேட்டால் கத்துவார். கத்தினால் பிரஷர் ஏறும். சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"அப்பனே, பொய் சொல்ல மாட்டேன். ஆனா சும்மாவும் இருக்க மாட்டேன்."

கடைச் சரக்கை எதிர்வீட்டுக்காரிக்குக் கொடுத்தேன். அவருடைய பொத்தான் டப்பா மூடியாலேயே மாவை வட்டம் வட்டமாக வெட்டிச் சுட்டு, பாக்கெட்டில் அடுக்கினேன். அன்றிலிருந்து தினம் அவர் மூன்று எடுப்பார், நான் மூன்று வைப்பேன்.

பத்தாம் நாள் மனுஷருக்கு முகம் வெளிறியது. துணிக்குக் கோடு போடும் சாக்கட்டியால் பாக்கெட்டின் மேல் ஒரு கோடு கிழித்தார். நான் சரியாகக் கோடு வரைக்கும் நிரப்பினேன். இருபதாம் நாள் கை கால் கழுவிக்கொண்டு வந்து மூட்டையைத் தொட்டார். முப்பது வருஷமாகச் சாமி படம் இருக்கும் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர், அதன் முன்னால் கண்ணை மூடி நின்றார். நான் எத்தனை நாள் வேண்டியது!

மாதக் கடைசியில் பிரஷர் இறங்கிவிட்டது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும், பாக்கெட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அடியே, கோவிச்சுக்காதே. இந்த ஒரே பாக்கெட்டை ஒரு மாசமா தின்னுட்டிருக்கேன். குறையவே மாட்டேங்குது!"

"அப்படியா!"

"சாமி குடுக்கறது. உப்பு கச்சிதம், அளவு கச்சிதம். நீயும்தான் சுடறியே!"

உதட்டைக் கடித்துக்கொண்டேன். இப்போதுதான் பக்தி வந்திருக்கிறது, கெடுப்பானேன்?

"ஆனா இன்னிக்கு மட்டும் அடி கருகியிருக்கு. சாமிக்கு என் மேல கோபமாடி? உண்மையைச் சொல்லு."

பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவளாயிற்றே நான்.

"கோபமெல்லாம் இல்லீங்க. நம்ம பொண்ணு போன்ல பிடிச்சுக்கிட்டா, அடுப்பை மறந்துட்டேன்."