மொட்டுகளுக்கு ஒரு ஏசி

இந்த வீட்டில் முதல் குளிர்காற்று என் மேல்தான் பட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை பல் துலக்கும்போதே இப்படி ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்.

என் நிலைமையில் இருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். அந்தக் காரில் ஏசி கிடையாது. பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வெந்து வீடு திரும்புவேன். ஏசி வாங்கலாம் என்று நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், முதலில் ஜன்னலைத் திறங்கள் என்பாள் என் மனைவி.

அப்படிப்பட்டவள் ஏசி வாங்கிவிட்டாள். எனக்கில்லை, அவளுடைய ஆர்க்கிட் செடிகளுக்கு.

ஜன்னலே இல்லாத பின்னறையில், இரும்பு அடுக்கில் தொட்டி தொட்டியாக ஆர்க்கிட் வளர்க்கிறாள். வெயிலுக்குப் பதில் விளக்கு. அந்த விளக்குச் சூட்டில் மொட்டுகள் வாடி உதிர்கின்றன என்று சொல்லும்போது அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு முன்மண்டையில் முடி உதிர்ந்தபோது அவள் கலங்கியதாக ஞாபகம் இல்லை.

ஒரு நாள் நான் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது, "கண்ணு, தங்கம், தாகமா இருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. நெகிழ்ந்துபோய் ஆமாம் என்றேன். தண்ணீர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன்.

"ஆர்கிட்ட பேசிட்டிருக்க?"

"ஆமா, ஆர்க்கிட்டதான்," என்றாள் திரும்பாமலேயே.

என் வயிறு எரிந்த எரிச்சலுக்கே தனியாக ஒரு ஏசி மாட்டியிருக்கலாம்.

ஞாயிறு காலை மெக்கானிக் வந்தார். இடத்தை அவள் முன்பே குறித்துவைத்திருந்தாள். கதவுக்கு மேலே, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அங்கிருந்து வீசினால் காற்று செடிகளின் தலைக்கு மேலே போய்விடுமாம். நேராகப் பட்டால் மொட்டு தாங்காதாம். எனக்குப் பிடித்ததோ எதிர்ச்சுவர். அதில் கொஞ்சம் தாழ்வாக மாட்டி, முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தால், உட்காருகிறவன்தான் ராஜா. எனக்குப் பின்னால் அடுக்கில் இருக்கும் ஆர்க்கிட்டுகள் மிச்சம் மீதி குளிரை வாங்கிக்கொள்ளட்டும்.

தொட்டிக்குப் போடும் மரப்பட்டை வாங்க அவள் கடைக்குக் கிளம்பினாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் மெக்கானிக்கிடம் போனேன். எதிர்ச்சுவர்தான் வெளிச்சுவர், அதற்குப் பின்னாலேயே வெளி யூனிட்டை வைத்தால் பைப் மிச்சம் என்று ஆரம்பித்தேன்.

"அம்மா கதவுக்கு மேலன்னு சொன்னாங்களே?"

"அம்மாதான் இப்ப ஃபோன்ல மாத்திச் சொன்னாங்க."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு டிரில்லை எடுத்தார். சுவரில் ஓட்டை விழுந்தது. செப்புக் குழாய் போனது, தண்ணீர் வடியும் பைப் போனது. நான் ரப்பரால் பெருக்கல் குறியை அழித்தேன். அவள் திரும்பி வந்தபோது ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி, ரிமோட் என் கையில்.

அவள் கதவுக்கு மேலே பார்த்தாள். எதிர்ச்சுவரைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். வாங்கிக் கட்டிக்கொள்ள நான் தயாராக நின்றேன். அவளோ ஒரு காகிதத் துண்டைக் கிழித்து அடுக்குக்கு முன்னால் பிடித்தாள். அது படபடவென்று அடித்துக்கொண்டது. அவளுடைய செல்ல வெள்ளைச் செடியின் மொட்டுகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. மறுபடி மாற்ற முடியுமா என்று விசாரித்தாள். முடியும், ஆனால் இன்னொரு ஓட்டை போட வேண்டும், சாமானெல்லாம் வாங்கிக்கொண்டு அடுத்த வாரம்தான் வர முடியும் என்றார் மெக்கானிக்.

அவள் அடுக்கையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். இத்தனை நாள் ஆர்க்கிட்டுக்கு மட்டுமே கிடைத்துவந்த பார்வை அது.

"ஏங்க, நின்னுட்டே இருக்கீங்களே. அந்த நாற்காலியில உக்காருங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. உட்கார்ந்தேன். குளிர்காற்று நெஞ்சில் மோதியது. ஆஹா, சொர்க்கம். ஒரு சாண் இடப்பக்கம் நகரச் சொன்னாள், நகர்ந்தேன். முதுகு கூனாமல் நிமிர்ந்து உட்காரச் சொன்னாள். என் முதுகைப் பற்றி அவள் கவலைப்பட்டு எத்தனை காலமாயிற்று. குளிருமே என்று போர்வை கொண்டுவந்து தோளில் போர்த்தினாள். இறுக்கிச் சுற்றிக்கொள்ளப் போனேன்.

"சுத்தாதீங்க. ரெண்டு கையாலயும் நல்லா விரிச்சுப் பிடிச்சுக்குங்க. ஆங், அப்படியே இருங்க."

விரித்துப் பிடித்தேன். சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. தலையைத் திருப்பி அந்த வெள்ளைச் செடியை ஒரு பார்வை பார்த்தேன். பார்த்தாயா, கடைசியில் யார் ஜெயித்தது? செடி பதில் சொல்லவில்லை. அதன் மொட்டுகள் இப்போது ஆடாமல் அசையாமல் நின்றன. எனக்குப் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் பையைக் கட்டிக்கொண்டே கிளம்பினார். வாசலில் நின்று, காற்றை மேலே திருப்பிவிடப் பிளாஸ்டிக் தகடு ஒன்று கிடைக்கும், அடுத்த முறை கொண்டுவரட்டுமா என்று கேட்டு, கைகளை விரித்து அதன் அளவைக் காட்டினார்.

என் மனைவி அவர் கைகளைப் பார்த்தாள். என் முதுகைப் பார்த்தாள்.

"வேண்டாங்க. இவரு அளவுக்கு அது அகலம் வராது."