மாமி இறங்கிய கிளித்தட்டு

உலகத்தில் எத்தனையோ கொண்டக்டர்கள் இருக்கலாம். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்த பிறகும் இறங்காத கொண்டக்டர் ஒரே ஒருவர்தான். அவர் என் மூத்த சகோதரி ராத்தாவுக்கு மாப்பிள்ளையாக வாய்த்தார். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர் யாருமில்லை; பஸ்ஸை எடுக்கச் சொல்லி அவர் கூவும் 'றைட்'தான் பெயர். "றைட் எங்கே?" என்று கேட்டால் மீன் விற்பவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். எனக்கு அவர் றைட் மச்சான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவர் பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். இவரும் வந்தார். மறுநாளே வீடு பஸ்ஸாகிவிட்டது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தால், "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க, பின்னுக்கு நிறைய இடம் கிடக்கு!" ராத்தா சோறு போட்டால், போதும் என்பதற்கு, "காணும், றைட்!" சுபஹுத் தொழுகைக்கு வாப்பாவை எழுப்புவதென்றால், "பள்ளியடியில இறங்குற ஆக்கள் முன்னுக்கு வாங்க!" வாப்பா அரைத் தூக்கத்தில் எழுந்து, ஏதோ தரிப்பிடம் தவறிவிடும் என்பது போல வாசலுக்கு ஓடுவார்.

அவரிடம் ஒரு கொள்கையும் இருந்தது. "நாள் முழுக்க ஸீட்டுல குந்திட்டுப் போற ஆக்களப் பாத்துப் பாத்து எனக்கு வெறுத்துப் போச்சு மச்சான். மனுசன் எண்டா அசையணும்" என்பார். அதனால் பெருநாள் வந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓர் இடத்தில் இருக்க முடியாது. சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் நடைதான். மாமரத்தில் ஊஞ்சல் கட்டி, வயது வித்தியாசம் பாராமல் வரிசையில் நிறுத்தி ஆட்டுவார். வாப்பாவைக்கூட விடவில்லை.

தலைப்பிறை பார்க்க வாப்பா முற்றத்தில் கதிரை போட்டால், அதைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, முழுக் குடும்பத்தையும் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போவார். எங்கள் ஊரில் கடல் கிழக்கே. பிறை தெரிவது மேற்கே. ஆகவே நாங்கள் அவ்வளவு தூரம் நடந்துபோய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுப் பக்கமே அண்ணாந்து பார்த்து நின்றோம்.

"மருமகன், இதை முத்தத்துலயே பாத்திருக்கலாமே!" என்றார் வாப்பா.

"பாத்திருக்கலாம் மாமா. நடந்திருக்க ஏலாதே!" என்றார் இவர்.

இந்த பஸ்ஸில் ஏறாத ஒரே ஆள் எங்கள் உம்மா. மாமி மருமகனுக்கு முன்னால் வருவதில்லை, நேரே கதைப்பதுமில்லை. அது அந்தக் காலத்து மரியாதை. மச்சான் முன்வாசலால் வந்தால் உம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு அடுப்படிக்கு, குசினிக்குள் போய்விடுவா. சொல்ல வேண்டியதை எங்களிடம் சொல்லுவா. நாங்கள் இல்லாவிட்டால் பூனையிடம் சொல்லுவா.

"பூனே, அவருக்கு இன்னும் மீனாணம் வேணுமா எண்டு கேளு."

"காணும் எண்டு சொல்லு பூனே, றைட்!"

மீன் தனக்குத்தான் என்று நம்பிப் பூனை ஒவ்வொரு நாளும் ஏமாந்துபோகும். இப்படியே ஆறு வருடம்.

ஒரு பெருநாளுக்கு முதல்நாள் ஊஞ்சல் கட்டும்போது மச்சான் கயிற்றைப் பிடித்தபடி சொன்னார்: "என்ட உம்மா மௌத்தாகக்குள்ள நான் கைக்குழந்தை மச்சான். அவங்கட குரல் எப்பிடி எண்டே எனக்குத் தெரியா. மாமி ஒருக்கா, நேர என்னைப் பாத்து, மருமகன் எண்டு கூப்பிட்டாக் காணும்." பகிடி விடாமல் அவர் கதைத்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஊஞ்சல் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினேன்.

மறுநாள் பகல் புரியாணியும் வட்டிலப்பமும் முடிந்து எல்லோரும் சரிந்து கிடக்க, மச்சான் முற்றத்து மணலில் கிளித்தட்டுக் கோடு கீறிவிட்டார். சூறாவளிக்குப் பிறகு வாப்பா உயரமாக அடைத்த கிடுகு வேலி. உள்ளே நடப்பது வெளியே தெரியாது. எங்கள் வீடு ஒரு கட்சி, அதே வளவில் இருந்த உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி வீடு மறு கட்சி. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடுவதால் கையால் தொடக்கூடாது, லேஞ்சியை, அதுதான் கைக்குட்டையை, வீசித்தான் அடிக்க வேண்டும் என்று சட்டமும் போட்டார். எங்களுக்கு ஓர் ஆள் குறைந்தது.

"ஒரு ஸீட் காலியாக் கிடக்கு! ஏற விரும்புற ஆக்கள் ஏறலாம்!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கூவினார்.

"என்ட முழங்காலுக்கு இது ஒண்டுதான் குறை எண்டு சொல்லு பூனே" என்றது குசினி.

சாச்சி தன் ராத்தாவை, எங்கள் உம்மாவை, சும்மா விடவில்லை. "விடுங்க, ராத்தாவுக்கு வயசு போயிட்டு. பாவம்!"

அவ்வளவுதான். உம்மா சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு, மச்சான் நின்ற பக்கம் மட்டும் பார்க்காமல், தட்டுக்குள் இறங்கிவிட்டா.

கிளித்தட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மறு கட்சி கோடுகளில் மறித்து நிற்கும்; ஒருவர் அடிபட்டால் தோல்வி. அடிபடாமல் கோடுகளைத் தாண்டிக் கடைசிப் பெட்டிக்குப் போய்க்கொண்டிருப்பவர் காய். போய்ச் சேர்ந்து திரும்பி வருபவர் பழம். காயும் பழமும் ஒரே பெட்டிக்குள் வந்தாலும் அந்தக் கட்சி முழுவதும் தோல்வி. மாமியும் மருமகனும் ஒரே இடத்தில் நிற்கக்கூடாதென்ற எங்கள் வீட்டுச் சட்டமும் கிட்டத்தட்ட இதுதான்.

கோட்டில் மறித்து நின்ற சாச்சாவை ஏமாற்றி உம்மா இரண்டு கோடு தாண்டிவிட்டா. மூச்சு வாங்க மூன்றாம் பெட்டிக்குள் நின்றா. அந்த நேரம் மச்சான் பழமாகித் தலைதெறிக்கத் திரும்பி வந்தார். அடுத்த பாய்ச்சலில் உம்மாவின் பெட்டி. எங்களிடம் சொல்லி அனுப்ப நேரமில்லை. பூனையும் அங்கே இல்லை.

"மருமகன்! இஞ்ச வராதீங்க! நான் காய்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். மச்சான் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். சாச்சா ஆறுதலாக நடந்து வந்து அவர் முதுகில் லேஞ்சியால் அடித்தார். மச்சான் திரும்பியும் பார்க்கவில்லை. சாச்சி வீட்டார் ஆர்ப்பரித்தார்கள். ராத்தா தலையில் கை வைத்துக்கொண்டா. உம்மாவுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. முக்காட்டை இழுத்துக்கொண்டு குசினிக்குள் ஓடியவ, அங்கிருந்தே சத்தம் வைத்தா:

"அந்தா வந்து நிண்டாரே சிலை மாதிரி! தோத்தது காணும், தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லு!"

மச்சான் வேர்வை வழிய வந்து என் தோளைப் பிடித்தார்.

"மாமி என்னப் பாத்து என்ன சொன்னாங்க?"

"இஞ்ச வராதீங்க எண்டு."

"அதுக்கு முந்தி?"

"மருமகன் எண்டு."

"இன்னொருக்காச் சொல்லு."

அன்றைக்குப் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் சலிக்காமல், உம்மாவின் குரலிலேயே, சொல்லிக்கொண்டே இருந்தேன்.